லயத்து வீட்டுக் கணினிக்கு என்ன காவல்?

ஹட்டன் நகரத்துக் கடைகளுக்குக் கணினி வாங்கப் போகிறவர் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை. உயர்தரம் படிக்கும் மகள், கொழும்பில் வேலை செய்து லீவில் வந்திருக்கும் மகன், ‘கொம்பியூட்டர் தெரிந்த’ பக்கத்து லயத்துப் பையன் என்று ஒரு சிறு கூட்டமே போகும். விலை பேசி முடிந்ததும் கடைக்காரர் தரும் உறுதிமொழி ஊருக்கு ஊர் மாறுவதில்லை: “விண்டோஸ், ஒஃபிஸ், ஃபோட்டோஷொப் எல்லாம் போட்டுத் தர்றேன் அண்ணே. அன்டிவைரஸும் போட்டுருவோம், பயப்படாதீங்க.”

பயப்பட வேண்டிய விஷயம் பல நேரங்களில் அந்த இலவசப் பொதிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸுக்கும் ஒஃபிஸுக்கும் உரிமம் வாங்காமல், வாங்கியதுபோல் காட்டிக்கொள்ளும் குறுக்குவழி மென்பொருள்கள் உண்டு. ‘கிராக்’ என்று ஊரில் சொல்வது இவற்றைத்தான். இலங்கையில் உரிமமின்றி ஓடும் மென்பொருள்கள் மொத்தத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் என்று பி.எஸ்.ஏ. என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே இதை ஹட்டன் கடைக்காரர் ஒருவரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. நாடே அப்படித்தான் கணினி பழகியது.

கிராக்கில் உள்ள வில்லங்கம் சட்டத்தோடு முடிவதில்லை. அதை நிறுவும் குறிப்பின் முதல் வரியே வழக்கமாக “அன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்” என்பதுதான். அணைத்த பிறகு உள்ளே என்ன நுழைகிறது என்று பார்க்க ஆளில்லை. விண்டோஸை ஏமாற்றப் பரவலாகப் பயன்படும் கே.எம்.எஸ்.பிக்கோ என்ற கிராக்கின் போலிப் பிரதிகளுக்குள் கிரிப்ட்பொட் என்ற திருட்டு நிரல் ஒளிந்திருப்பதை ரெட் கனரி என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசெம்பரில் அம்பலப்படுத்தியது. பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் திருடி வெளியே அனுப்புவதுதான் அதன் வேலை. இன்னொன்று, ஸ்டொப் அல்லது டிஜேவியு என்று அழைக்கப்படும் கப்ப வைரஸ். அது குறிவைப்பது பெரிய நிறுவனங்களை அல்ல, கிராக் தேடி அலையும் வீட்டுக் கணினிக்காரர்களை. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு நெடுநாள் 980 டொலர் கேட்டு வந்தது. 72 மணிநேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டொலர். கழிவு விலை அறிவிப்பு திருடனிடமும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பல கணினிகளுக்குக் கிராக்கே தேவையில்லை. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு விண்டோஸோடு விற்கப்பட்ட லெப்டொப்களில் உரிமச் சாவி கணினியின் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடிக் களைத்து, கொழும்பு வழியாக மலையேறி வரும் பாவித்த லெப்டொப்களிலும் இப்படித்தான். மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து அதே ரக விண்டோஸை எடுத்து நிறுவினால், இணையத்தைத் தொட்டதும் அது தானாகவே உயிர் பெறும். இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். செட்டிங்ஸ் பகுதியில் ‘எக்டிவேஷன்’ பக்கத்தைத் திறக்க வேண்டும். ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ என்று இருந்தால் அநேகமாக நல்லது. உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாக எக்டிவேட் ஆகியிருக்கிறது என்று சொன்னால், லயத்து வீட்டுக்கு ஏது நிறுவனம் என்று கடைக்காரரிடம் திரும்பக் கேட்கலாம். ஒஃபிஸுக்குப் பதிலாக லிப்ரே ஒஃபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. பாடசாலைக் கட்டுரைகளுக்கும் ஒப்படைகளுக்கும் அது தாராளமாகப் போதும்.

ஆக, பாதுகாப்பு மென்பொருளைத் தெரிவுசெய்வதற்கு முன்னால் தெரிவுசெய்ய வேண்டியது விண்டோஸையே. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. மைக்ரோசொப்ட் கணக்கோடு பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் நீடித்துக் கிடைக்கும். அதற்கப்பால் வீட்டுக் கணினிக்கு வழி விண்டோஸ் 11தான். ஆனால் அது இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான கணினிகளை ஏற்றுக்கொள்வதில்லை. மலிவாகக் கிடைக்கும் பாவித்த லெப்டொப்களில் ஆறாம், ஏழாம் தலைமுறைகளே நிறைய. எனவே ஐந்தாறாயிரம் ரூபாவை மிச்சம் பிடிக்க ஏழாம் தலைமுறையை வாங்குவதைவிட எட்டாம் தலைமுறைக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது மேல். எந்த அன்டிவைரஸுக்குக் கொடுக்கும் காசைவிடவும் அது பயன் தரும். பழையதை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் லினக்ஸ் மின்ட் இருக்கிறது: இலவசம், பழைய கணினியிலும் சுறுசுறுப்பாக ஓடும், விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அதைத் தீண்டாது. பழக ஒரு வாரம் பிடிக்கலாம்.

திருத்தம் போடாத மென்பொருள் என்ன விலை வாங்கும் என்பதற்கு உலகச் சாட்சியும் உண்டு, உள்ளூர்ச் சாட்சியும் உண்டு. 2017 மே 12ஆம் திகதி வன்னாக்ரை என்ற கப்ப வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. பிரித்தானிய அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். உள்ளூர்க் கதை இன்னும் கசப்பானது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ கப்ப வைரஸால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகள் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பி வரவேயில்லை. காரணம் இரண்டு. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் 2013ஆம் ஆண்டு ரகம். அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்கும் திட்டம் 2021 முதல் பணப் பற்றாக்குறையால் இழுபட்டது. இரண்டாவது, அந்த மூன்று மாதங்களுக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. கொழும்பின் அரச கணினி அறைக்கே இந்தக் கதி என்றால், பொகவந்தலாவையில் ஒரு மேசைமேல் இருக்கும் லெப்டொப்புக்கு வேறு சட்டம் எதுவும் இல்லை.

இனி அன்டிவைரஸுக்கு வருவோம். விண்டோஸோடு கூடவே வரும் டிஃபென்டர் ஒன்றுக்கும் உதவாது என்ற பேச்சு இன்னும் பரவலாக இருக்கிறது. அந்தப் பேச்சு ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. மைக்ரோசொப்ட் 2009இல் இலவச அன்டிவைரஸ் ஒன்றை வெளியிட்டது. 2012இல் விண்டோஸ் 8இலிருந்து அதை விண்டோஸுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. ஜெர்மனியின் மக்டபேர்க் நகரிலிருந்து இயங்கும் ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக்கூடம் அதன் பாதுகாப்புத் திறனுக்கு அந்த ஆண்டுகளில் ஆறுக்குப் பூச்சியம் போட்டதுண்டு. பிறகு நிலைமை தலைகீழானது. சில ஆண்டுகளாக அதே கூடம் டிஃபென்டருக்கு முழுப் புள்ளிகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்து வருகிறது. தெளிவான இணைய இணைப்பும் நேரான விண்டோஸும் உள்ள வீட்டில் காசு கொடுத்து இன்னொன்று வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

‘தெளிவான இணைய இணைப்பு’ என்ற நிபந்தனைதான் மலையகத்தில் இடறுகிறது. நகரத்தில் ஃபைபர் இருக்கலாம். பள்ளத்தாக்கில் இறங்கிய டிவிசன்களில் சிக்னல் பாலத்தடியில் ஒரு கோடு, ஸ்டோர் மேட்டில் மூன்று கோடு. கொரோனா காலத்தில் பிள்ளைகள் பாடம் கேட்க மலையேறியது செய்திகளில் வந்த கதை. இந்த இடத்தில் இன்னொரு சோதனைக்கூடத்தின் முடிவு முக்கியமாகிறது. ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் உள்ள ஏவி-கொம்பாரட்டிவ்ஸ், இணையம் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒவ்வொரு அன்டிவைரஸும் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்கிறது. 2022 மார்ச் சோதனையில், இணையம் துண்டித்த நிலையில் டிஃபென்டர் பிடித்தது ஏறத்தாழ 60 வீதம்தான். பிட்டிஃபென்டர், அவாஸ்ட் போன்றவை அதே நிலையில் 90 வீதத்தைத் தாண்டின. டிஃபென்டரின் மூளையில் பெரும்பகுதி மைக்ரோசொப்டின் சேவர்களில் இருக்கிறது; இணைப்பு அறுந்தால் அந்த மூளையும் அறுந்துபோகிறது.

எனவே கொழும்புக்காரருக்குச் சொல்லும் ஆலோசனையை மஸ்கெலியாவுக்கு அப்படியே தூக்கி வர முடியாது. வாரத்தில் சில மணிநேரம் மட்டும் இணையத்தைப் பார்க்கும், மிச்ச நேரம் பென் ட்ரைவோடு மட்டுமே பழகும் கணினிக்கு, பிட்டிஃபென்டரின் இலவசப் பதிப்பைப் போன்ற ஒன்றை நிறுவுவதில் நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும்தான். ஒரே கணினியில் இரண்டு அன்டிவைரஸ்களை ஓடவிட்டால், ஒரு வாசலில் இரண்டு நாய்களைக் கட்டிய கதைதான்: திருடனை விட்டுவிட்டு ஒன்றைப் பார்த்து ஒன்று குரைத்துக்கொண்டிருக்கும். வேறொன்றை நிறுவினால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிவிடும். கடைக்காரர் போட்டுக் கொடுத்த மாத, மூன்று மாத இலவசப் பதிப்பு காலாவதியாகி, டிஃபென்டரும் இன்னும் எழும்பாத இடைவெளிதான் ஆபத்தானது. சிவப்பு எச்சரிக்கையைப் பிள்ளைகள் ‘எக்ஸ்’ அழுத்தி மூடிக்கொண்டே போவார்கள்.

இதில் டேட்டாவின் கணக்கும் சேர்கிறது. டொங்கிளிலோ அப்பாவின் தொலைபேசி ஹொட்ஸ்பொட்டிலோ ஓடும் கணினியில் விண்டோஸ் புதுப்பித்தல் தொடங்கினால், மாதப் பெக்கேஜ் ஒரே ராத்திரியில் கரைந்துவிடும். அதனால் பலர் இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று குறித்து வைக்கிறார்கள், அல்லது புதுப்பித்தலையே நிறுத்தி வைக்கிறார்கள். ‘மீட்டர்ட்’ என்று குறித்தால் பெரிய தரவிறக்கங்கள் நின்றுவிடும், டிஃபென்டரின் புதிய வைரஸ் பட்டியலும் பின்தங்கக்கூடும். நடைமுறைக்கு ஒத்துவரும் வழி, மாதத்துக்கு ஒருமுறை லெப்டொப்பையே வைஃபை உள்ள இடத்துக்குத் தூக்கிச் செல்வது. நகரத்தில் உறவுக்காரர் வீடோ, இணையம் உள்ள பாடசாலையோ, நூலகமோ கிடைத்தால் போதும். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு போனால் மைக்ரோசொப்டின் அந்த மாதத் திருத்தங்கள் தயாராக இருக்கும். வைரஸ் பட்டியலை மட்டும் தனிக் கோப்பாக மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து எடுத்து பென் ட்ரைவில் கொண்டுவரவும் முடியும். அது நூறு மெகாபைட்டுக்கு மேல் வரும்.

காசு கொடுத்தே வாங்குவது என்று தீர்மானித்தவர்களுக்கு: ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல் அதைக் கண்டு, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவைத் தொட்ட தோட்டத்தில், ஓர் ஆண்டு உரிமம் என்பது சில நாள் கொழுந்து பறிக்கும் கூலி. அந்த நிலையில் பெட்டிமேல் இருக்கும் பெயர் யாருடையது என்று பார்த்து வாங்குவது தகும். சென்னையிலிருந்து வரும் கே7 ஒன்று உண்டு. ஜெ. கேசவர்தனன் 1991இல் தொடங்கிய நிறுவனம் அது. இந்தியாவில் பெயர் பரவுமுன்பே, ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற விற்பனை நிறுவனத்தின் பெட்டிக்குள் புகுந்து அங்கே நன்றாக விற்றது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எழுதிய நிரல் ஜப்பானியர் வீடுகளைக் காத்தது கேட்க இனிக்கும். ஆனால் ஊர்ப்பாசம் வாங்குவதற்குக் காரணமாகாது. மேலே சொன்ன சோதனைக்கூடங்களின் இந்த ஆண்டு முடிவைப் பார்த்தே எதையும் வாங்க வேண்டும். அந்த முடிவுகளை அவை தங்கள் தளங்களில் இலவசமாகவே போடுகின்றன.

இலவசம் என்றாலும் ஒரு கேள்வி மிஞ்சும். அன்டிவைரஸ் என்பது கணினியின் ஒவ்வொரு கோப்பையும் ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் பார்க்க அனுமதி பெற்ற மென்பொருள். அவாஸ்ட் நிறுவனம் தன் பாவனையாளர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விபரங்களை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020இல் வெளியே வந்தது. ஜம்ப்ஷொட்டை மூடினார்கள். 2024 பெப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 இலட்சம் டொலர் கட்டச் சொன்னது. அவாஸ்ட், ஏ.வி.ஜி., அவிரா, நோர்ட்டன் ஆகிய நான்கும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே முதலாளியின் கீழ் இருக்கின்றன. அலுமாரியில் நான்கு பெயர்கள் தெரிந்தாலும் தெரிவு அவ்வளவு விரிவானதல்ல. இலங்கைக் கடைகளில் நெடுநாள் பழகிய இன்னொரு பெயர் ரஷ்யாவின் கஸ்பர்ஸ்கி. அமெரிக்கா 2024 ஜூனில் அதன் விற்பனைக்குத் தடை அறிவித்தது. அதன் பின் அங்குள்ள பாவனையாளர்கள் பலர் ஒருநாள் காலை கணினியைத் திறந்தபோது, தாங்கள் கேட்டிராத அல்ட்ராஏவி என்ற வேறொரு அன்டிவைரஸ் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. சோதனைக்கூடங்களில் கஸ்பர்ஸ்கியின் மதிப்பெண்களில் குறையில்லை. தடை அரசியல் சந்தேகத்தின் பேரில் வந்தது. ஹட்டன்காரர் அதற்காகப் பதறத் தேவையில்லை. ஆனால் இரண்டு வருட உரிமத்தை ஒரேயடியாக வாங்குவதில் ஒரு சூதாட்டம் இருக்கிறது.

தோட்டப் பகுதியில் வைரஸ் வரும் வழி பெரும்பாலும் பென் ட்ரைவ். கடந்தகால வினாத்தாள், ஒப்படை, வேலைக்கு அனுப்பும் சுயவிபரக் கோவை எல்லாம் பென் ட்ரைவில் ஏறி கொமியூனிகேஷன் கடைக்குப் போய், அச்சாகித் திரும்பும். அந்தக் கடைக் கணினியில் நாள் முழுக்க எத்தனை பென் ட்ரைவ்கள் செருகப்படுகின்றன! கோப்புறைகள் மறைந்து, அவற்றின் பெயரில் ஷோர்ட்கட் மட்டும் தெரிகிறதென்றால் அங்கே புழு குடியேறிவிட்டது என்று பொருள். அந்த ஷோர்ட்கட்டை அழுத்தாமல், முதலில் அன்டிவைரஸால் முழு பென் ட்ரைவையும் சோதிக்க வேண்டும். உள்ளே இருந்தவை பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். அச்சிடுவதற்குத் தனியாக ஒரு மலிவான பென் ட்ரைவை வைத்துக்கொள்வதோ, கோப்பை மின்னஞ்சலில் கடைக்கு அனுப்பிவிடுவதோ சிக்கலைக் குறைக்கும். விண்டோஸில் கோப்புகளின் வால்பெயர் தெரியும்படி ஒரு சிறு மாற்றம் செய்துவிட்டால், ‘பி.டி.எஃப்.’ வேடம் போட்டு வரும் ‘இ.எக்ஸ்.இ.’யைப் பிள்ளைகளே அடையாளம் காண்பார்கள். பாமினி எழுத்துருவுக்கும் இது பொருந்தும். பாடசாலைக் கடிதங்களில் இன்னும் பாமினி ஓய்வு பெறவில்லை, அதைத் தேடிப் போகிறவர்கள் முதலில் அகப்படும் தளத்தில் ‘டவுன்லோட்’ பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். எழுத்துரு என்பது சிறிய ‘டி.டி.எஃப்.’ கோப்பு. அதற்குப் பதில் ஒரு நிறுவல் நிரல் இறங்கினால் அதை அழித்துவிட வேண்டும்.

எந்த அன்டிவைரஸும் தடுக்காத ஒன்றும் உண்டு. பொதி வந்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்தி, வெளிநாட்டு வேலை, வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் வட்ஸ்அப் குழு. இவற்றில் வைரஸே இல்லை. ஓ.டி.பி. இலக்கத்தைச் சொல்பவர் தானே சாவியைக் கொடுக்கிறார். 2024 ஒக்டோபரில் கண்டிக்கு அருகே குண்டசாலையில் ஒரு ஹோட்டலிலிருந்து இணைய மோசடி நடத்தியதாக நூறுக்கும் மேற்பட்ட சீன நாட்டவர்களைப் பொலிஸார் கைது செய்தார்கள். தொழிற்சாலை அளவில் நடக்கும் வியாபாரம் இது. நாட்டிலேயே கணினி அறிவு மிகக் குறைந்தது தோட்டத்துறையில் என்று தொகைமதிப்புத் திணைக்களத்தின் ஆய்வுகள் காட்டி வருகின்றன. மத்திய கிழக்கிலிருந்து அம்மா அனுப்பும் பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கும் இங்கேதான் இருக்கிறது. வங்கிச் செயலியைப் பிள்ளைகள் விளையாடும் கணினியில் திறக்காமல் இருப்பது ஒரு சிறிய, செலவில்லாத ஏற்பாடு. கணினியில் பிள்ளைகளுக்கு நிர்வாக உரிமையில்லாத தனிக் கணக்கு போட்டுக் கொடுப்பது இன்னொன்று.

காசு செலவழிக்க ஒரே ஓர் இடம்தான் என்றால், அது வெளி ஹார்ட் டிஸ்க். இடி மின்னல் கம்பி வழியாக இறங்கி ரவுட்டரையும் கணினியையும் ஒருசேரச் சாம்பலாக்குவது மலையில் புதிதல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தின் சரிவுகளைப் பெயர்த்தெடுத்தபோது வீடுகளோடு ஆவணங்களும் போயின. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பத்திரம், சான்றிதழ்களின் படங்கள் கூகுள் ட்ரைவில் ஒரு மூலையில் இருப்பதற்கு டேட்டா அதிகம் தேவைப்படாது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட்டே அதற்கு மிஞ்சும். பெரிய வீடியோக்களும் திருமணப் படங்களும் ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். பிரதி எடுத்து முடிந்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். செருகியபடியே விட்டால் கப்ப வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பூட்டிவிட்டால்? முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். இலங்கை சேர்ட் எனப்படும், 2006இலிருந்து இயங்கும் கணினி அவசர உதவி அமைப்பை 101 இலக்கத்தில் அழைக்கலாம். கப்பம் கட்ட அவசரப்பட வேண்டாம். கடைக்காரர் ‘ஃபோர்மட்’ பண்ணித் தருகிறேன் என்று லெப்டொப்பைக் கையில் எடுப்பதற்குள், பூட்டிய கோப்புகளை வேறொரு டிஸ்கில் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டொப் வைரஸின் 148 வகைகளுக்கான இலவசத் திறவுகோலை எம்சிசொஃப்ட் நிறுவனம் 2019 ஒக்டோபரில் வெளியிட்டது. யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிஸும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் இப்படிப் பல திறவுகோல்கள் கிடக்கின்றன. இன்று திறக்காத பூட்டுக்கு நாளை அங்கே சாவி வரலாம், கோப்புகளை அழிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.